கரும்பலகையில் விடுபட்ட கால்வாய்

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புப் பாடம் முடிந்ததும், "இருபது ஆண்டுகள் கழித்து முதுகுளத்தூர் எப்படி இருக்க வேண்டும்?" என்று மாணவர்களிடம் கேட்டேன். கரும்பலகையில் பேருந்து நிலையம், கடைவீதி, மருத்துவமனை, கண்மாய் ஆகியவற்றை வரைந்தேன். கண்மாயை ஒட்டிய வெற்றிடத்தில் விளையாட்டுத் திடல் அமைக்கலாம் என்றனர் பலர். நானும் சரி என்றேன்.

ஒரு மாணவி மட்டும் எழுந்தாள். "டீச்சர், மழை பெஞ்சா அது வழியாத்தான் கண்மாய்க்குத் தண்ணி வரும்னு எங்க தாத்தா சொல்வாரு."

சீமைக்கருவேலம் மூடிக்கிடந்த வரத்துக் கால்வாயை நான் வரையவே இல்லை. வானம் பார்த்த பூமியில் அது அடைபட்டால் நெல்லும் இல்லை, மிளகாயும் இல்லை.

மறுநாள் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் இருவரிடம் கேட்டுவந்து, குழுவாக வரைபடத்தைத் திருத்தினர். திடல் வேறிடத்துக்கு மாறியது, கால்வாய் நீலக்கோடானது.

பிறகு சட்டத்தைச் சொன்னேன். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்ட வரைவு அறிவிக்கப்பட்டால், மக்கள் தம் ஆட்சேபணையையும் ஆலோசனையையும் எழுத்துமூலம் தர இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. நடைமுறைக்கு வந்த திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவும் வழியுண்டு.

"எதுக்கு டீச்சர் அவ்வளவு நாள்?" என்றான் ஒருவன்.

"வரைபவருக்கு எல்லாம் தெரியாது, நேற்று எனக்குத் தெரிந்ததா?" என்றேன். சிரித்தார்கள்.

மதிப்பீடாகப் பேரூராட்சிக்கு ஒரு மாதிரி மனு எழுதச் சொன்னேன். இடம், காரணம், மாற்றுவழி மூன்றும் இருந்தால் முழு மதிப்பெண். உங்கள் ஊர் வரைபடத்திலும் செய்து பாருங்கள். முதல் கோட்டை மாணவர்களே போடட்டும்.