வீரர் என்பார் யாவர்?

பெரியபுராணத்துள் ஏனாதிநாத நாயனார் வரலாறு முடிவெய்திய அன்று, தூத்துக்குடியில் எம்பாற் பாடங் கேட்டு வந்த மாணவர் ஒருவர் ஒரு தடை நிகழ்த்தினார். "ஐயா, நாயனார் வாட்படை பயிற்றும் ஆசிரியர், போரிற் பலமுறை வென்றவர். இறுதியிலோ வாளைக் கையிற் பிடித்துக்கொண்டே பொராது நின்று பகைவன் கருத்து முற்றவிட்டார். தோற்றவரை வீரர் என்றல் எங்ஙனம் பொருந்தும்?" என்றார். "திருநீற்றன்பே வீரம்" என்று சுருங்க விடை கூறி அன்று பாடத்தை முடித்தோம். அவ்விடை அவர்க்கு நிறைவளிக்கவில்லை என்பதை அவர் முகமே காட்டிற்று, எமக்கும் நிறைவளிக்கவில்லை. பிற்றைநாள் ஆராய்ந்து கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பெருங்காப்பியத்துக்குத் தனக்கு ஒப்பாரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்கார நூலார் கொள்கை. அறுபத்து மூவர் தனியடியாரையும் ஒன்பது தொகையடியாரையும் கூறும் திருத்தொண்டர் புராணத்துக்குத் தலைவர் யாவர் என வினவுவார்க்கு, சுந்தரமூர்த்தி சுவாமிகளே தலைவர் என்று விடையிறுப்பது நம்மவர் மரபு. அது மிகப் பேசப்பட்டதாகலின் அதனுட் புகுதல் வேண்டா. ஆயினும் சேக்கிழார் திருக்கூட்டச் சிறப்பினுள்ளே அடியார் இலக்கணங் கூறுமிடத்து, ஓட்டையும் பொன்னையும் ஒப்பக் காண்போரும், வீட்டினையும் விரும்பாதோருமாகிய அவர்தம் வீரம் தம்மாற் சொல்லும் தகைமைத்தன்று என்ற கருத்தை வைத்துள்ளார். வில்லையும் வாளையும் சொல்லவேண்டிய இடத்தில் ஓட்டையும் பொன்னையும் சொல்லி வீரத்தை நாட்டினார் என்பது ஊன்றி நோக்கற்பாலது.

இக்கருத்தை ஏனாதிநாதர் வரலாற்றில் வைத்துக் காண்க. பகைவனாகிய அதிசூரன் வஞ்சனையால் நெற்றியில் நீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்து, எதிர்நின்றபோது காட்டினான். கண்ட நாயனார், இவர் சிவனடியாராயினார், இனி இவர் கருத்தின்வழி நிற்பேன் என்று வாளையும் பலகையையும் விட எண்ணினார். இதுவரை எண்ணுதல் பிறர்க்கும் கூடும். அடுத்த கணத்தில் அவர்க்குத் தோன்றிய எண்ணமே அரியது. படையைக் கீழே விட்டால், படையில்லாதாரைக் கொன்றார் என்னும் பழி அவ்வடியவர்க்கு ஆகுமே என்று கருதி, பொருவார்போல வாளேந்தியே நின்றார். உயிர் போங்காலத்துத் தம்மைக் கொல்வான் பெயருக்கு மாசு வாராதிருத்தற்கு வழி தேடிய நெஞ்சில் "யான்" என்பது எங்கே உளது? வெற்றி தோல்வி இரண்டும் அந்த "யான்" என்பதைப் பற்றியே நிற்பன. அது கழன்ற இடத்தில் தோற்றார் என்று யாரைச் சுட்டுவது? அம்மாணவர்க்கு அன்று யாம் கூறியிருக்கவேண்டிய விடை இதுவே.

அற்றேல், இஃது ஏட்டிலுள்ள வீரமன்றோ, நாளும் காணும் வாழ்க்கையில் இதற்கு இடன் உண்டோ எனின், பாடம் நிகழ்ந்த இடத்துக்குச் சிறிது தொலைவிலுள்ள கடலையே காட்டுவாம்.

மன்னார்க் குடாவிலுள்ள முத்துப் பார்களில் நிகழ்ந்த சலாபங்களை அறிந்தோர் அறிவர். குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி, 5 முதல் 10 பாகம் வரை ஆழமுள்ள நீரில் இறங்குவார். மூச்சடக்கி ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையிற் சேர்ப்பார். கயிற்றை அசைத்தவுடன் தோணியில் நிற்பவர் இழுத்து மேலேற்றுவார். ஈண்டு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, எடுக்கும் சிப்பியுள் முத்து உண்டோ இல்லையோ என்பது குளிப்பவர்க்குத் தெரியாது. கரை சேர்ந்த சிப்பியைத் திறவாமலே ஆயிரக் கணக்கில் ஏலங்கூறி விற்றனராதலின், வாங்கினார்க்கும் அது தெரியாது. மற்றொன்று, கயிறு பிடிப்பவர். மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைப்பர் என்றும், தன் தங்கை தாலியறுக்க எவனும் உடன்படான் என்பதே அதற்குக் காரணம் என்றும் இக்கரையில் ஒரு பேச்சு வழங்குகின்றது. முத்தைப் பாடிய புலவர் பலர். குளிப்பவரையும் சிலர் பாடினர். கயிறு பிடித்தாரைப் பாடினாரை யாம் கண்டிலேம். கண்ணுக்குத் தெரியாத ஒருவன் மூச்சின்மேல் முழு நினைவும் வைத்து, அலையையும் வெயிலையும் மறந்து நிற்றல் எளிய செயலன்று.

ஆயின் ஒன்று கூறாது விடுதல் நேர்மையன்று. இவர்கள் கடலில் இறங்கியது வயிற்றின் பொருட்டு. வறுமை தள்ளியதனால் இறங்கினாரை வீரர் எனப் புகழ்ந்து, அவர் கூலியைக் கேளாது விடுவது புகழ்வார்க்கு மலிவான அறம். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தார்க்கும் ஆவதே ஆங்கிலேயர் காலத்துப் பெருவழக்கு. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்தவற்றுக்குப்பின் தூத்துக்குடியில் சலாபம் நிகழவில்லை. சங்கு குளிப்போரே இன்று உளர். தொழில் இன்னது என்பது பற்றி ஒருவர் வீரராகார். அத்தொழிலில் நிற்குங்கால் தம்மை வைத்தோ, தம் துணையை வைத்தோ நிற்கின்றார் என்பதே வேறுபாடு செய்வது.

நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரும் வலைஞரே. நாடோறும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்தவர், ஒரு மீனே கிடைத்த நாள்களிலும் அதனையே விட்டுச் சுற்றமும் தாமும் பசித்திருந்தார். பின் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் தனியே வலைப்பட்ட நாளிலும் அவ்வாறே விட்டார். பொன்மீனை விட்டதை வியப்போர் பலர். எமக்கோ அதற்கு முன்னே கழிந்த பட்டினி நாள்களே பெரியனவாகத் தோன்றுகின்றன. இருவினையொப்பு என்று சாத்திரங் கூறுவது ஒரு நாளில் வருவதன்று.

இக்கரைப் பரதவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க சமயம் புக்கவர். பனிமய மாதாவை வேண்டிக் கடலிறங்குவோர். கீழக்கரை முதலிய ஊர்களின் முகமதியரும் குளித்துள்ளனர். பிற சமயத்தாரை நாயன்மார் வரலாற்றுக்கு அருகில் வைத்துப் பேசுதல் தகுமோ என மடத்துச் சூழலிலுள்ள அன்பர் சிலர் எம்மை வினவக்கூடும். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாக வந்து அருள்புரிபவன் அம்மையொடு கூடிய நம் பெருமானே என்னும் பொருளை அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில் வைத்தமை அவர் அறியாததன்று.

இனி, ஏட்டுக்கும் கடலுக்கும் பொதுவாக நின்ற ஒருவரைக் கூறுவாம். ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் (1872-1936) 1906-இல் சுதேசிக் கப்பற் கழகம் நிறுவியதும், காலியா, லாவோ என்னும் கப்பல்களைக் கொணர்ந்ததும், 1908-இல் சிறை புகுந்ததும், கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்ததும் யாவரும் அறிந்தன. நாடு அவரை வீரர் எனக் கொண்டாடுவது இவற்றுக்கே. 2011-இல் இத்துறைமுகத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பெற்றது. யாம் நோக்குவது 1912-க்குப் பிற்பட்ட காலம். சிறையினின்று வெளிவந்தபோது கழகம் இல்லை, கப்பல் இல்லை, வக்கீல் தொழிற்குரிய சன்னதும் இல்லை, எதிர்கொண்டார் மிகச் சிலர். ஊர்வலமும் முழக்கமும் நீங்கிய பின் வறுமையொடு கழிந்தன ஆண்டுகள். அக்காலத்து அவர் செய்தன யாவை? கண்ணனூர்ச் சிறையில் யாத்த மெய்யறத்தை வெளியிட்டார். தொல்காப்பியத்து இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை வரைந்தார். சன்னதினை மீளப்பெற உதவிய வாலசு என்னும் ஆங்கில நீதிபதிக்கு நன்றியாகத் தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியாற் செக்கிழுத்த கை ஆங்கிலர் ஒருவர் பெயரைத் தம் மகற்கு இட்டது! பகையை ஆட்சியின்மேல் வைத்தாரன்றி ஆள்களின்மேல் வைத்திலர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவர் அரசியலாளர், நாயன்மாரொடு ஒருங்கு எண்ணத்தக்கவரல்லர் என்பார் உளர். யாமும் அறுபத்து நால்வராக எண்ணுமாறு கூறவில்லை. அவர்க்குச் சினமும் மனக்குறையும் இருந்தன. அவற்றை அவர் மறைத்தவருமல்லர். ஆணவம் வீரவேடமும் பூணும் என்பதை யாம் மறக்கவில்லை. கைதட்டல் உள்ளவரை அதனைப் பிரித்தறிதல் அரிது. கைதட்டல் நின்றபின் ஒருவர் எப்பணியில் நின்றார் என்பதே உரைகல். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணி வழுவாது நிற்றலைக் கூறுகின்றது. அச்சிவஞானபோதத்துக்கே பிள்ளையவர்கள் ஓர் உரை எழுதி, மறைவதற்கு ஓராண்டுக்கு முன்னர் 1935-இல் வெளியிட்டார்கள். மாபாடியமும் சிற்றுரையும் கற்ற நம்மவருள் அவ்வுரையைத் திறந்து நோக்கினோர் எத்துணையரோ? யாமும் நெடுங்காலம் நோக்காதிருந்தோம். கப்பலோட்டியவர் உரையில் சித்தாந்த நுட்பம் யாது இருக்கும் என்று கருதியது எம் செருக்கு.

தடை நிகழ்த்திய மாணவர் இப்பொழுது எம்பாற் சிவஞானபோதம் கேட்கின்றார். பத்தாஞ் சூத்திரம் வந்தபோது சிற்றுரையை முன்னும் பிள்ளையவர்கள் உரையைப் பின்னுமாக வைத்துப் படிக்கச் சொன்னோம். இரண்டும் வேறுபடும் இடங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கின்றார். அவற்றுட் சிலவற்றுக்கு யாம் இன்னும் விடை கூறவில்லை.