உங்கள் இமெயில் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது?

கம்ப்யூட்டரை ஆஃப் செய்த பிறகு ஜிமெயில் கடிதங்கள் எங்கே இருக்கும்? புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 'இன்டர்நெட்டில் இருக்கும்' என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் அவை ஏதோ ஓர் ஊரில், ஒரு கட்டிடத்தில், ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அந்தக் கட்டிடமே டேட்டா சென்டர்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். வரும் பெட்டியில் சி, எம், டி என மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்புத் திரை வரும் (பயப்பட வேண்டாம், எதுவும் அழியாது). அதில் டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்ற ஏழு எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கூகுள் டாட் காம் என டைப் செய்து என்டர் தட்டவும். உங்கள் தகவல் கடந்து செல்லும் ஒவ்வொரு நிலையமும் வரிசையாக வரும். நட்சத்திரக் குறி வந்தால் அந்த நிலையம் பதில் தரவில்லை என்று பொருள்.

கோபாலபுரத்திலிருந்து செய்தால், கடைசி வரியில் பெரும்பாலும் எம்ஏஏ எனத் தொடங்கும் பெயர் வரும். அது மீனம்பாக்கம் விமான நிலையத்தின் குறியீடு. முடிவில் உள்ள '1இ100' என்பது 1-க்குப் பின் நூறு பூஜ்யங்கள், அதாவது கூகால் என்ற எண். கம்பெனியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் கடிதங்கள் சென்னையில் உள்ளனவா? இல்லை, இது வாசல் மட்டுமே. எந்த டேட்டா சென்டரில் உங்கள் பிரதிகள் உள்ளன என்பதைக் கம்பெனி சொல்வதில்லை.

இந்த ரகசியம் பழையது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தி டால்ஸ் ஊரில் கூகுள் தன் மையத்தை 2006-ல் திறந்தது. நிலம் வாங்கும்போது 'டிசைன் எல்எல்சி' என்ற வேறு பெயர். ஊர் அதிகாரிகளிடம் வாய் திறக்கமாட்டோம் என்று ஒப்பந்தம். கொலம்பியா ஆற்று அணையின் மலிவான மின்சாரத்துக்காகவே அந்த ஊர்.

மின்சாரம் சரி, தண்ணீர் எதற்கு? உங்கள் சிபியு பின்னால் கையை வைத்துப் பாருங்கள், சூடான காற்று வரும். ஆயிரக்கணக்கான சர்வர்களின் சூட்டைத் தணிக்க, நம் வீட்டு ஏர் கூலர் போலவே தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். ஆவியானது திரும்பி வராது.

எவ்வளவு தண்ணீர் என்று தி ஓரிகோனியன் பத்திரிகை 2021-ல் கேட்டது. அது வியாபார ரகசியம் என்று ஊராட்சியே பத்திரிகை மீது வழக்குப் போட்டது! 2022 டிசம்பரில் சமரசமாகி விவரம் வெளிவந்தது: 2021-ல் மட்டும் 35.5 கோடி கேலன், ஊர்த் தண்ணீரில் கால் பங்குக்கு மேல். நம் கணக்கில் சுமார் 134 கோடி லிட்டர். 9,000 லிட்டர் லாரி என்றால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் நடை. 2019 கோடையில் லாரிக்காகக் குடத்துடன் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

நம் பக்கத்து மாநிலத்திலும் இப்போது அதே கதை. விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீடு என்று கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆந்திர அரசின் ஒப்புதல் பெற்ற பெயரோ 'ரைடன் இன்ஃபோடெக்'. சென்னையில் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் வேறு கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. கடல் நீரா, சுத்திகரித்த கழிவு நீரா, ஏரி நீரா என்பதைத் திட்டம் வரும்போதே கேட்டால்தான் பதில் கிடைக்கும். தி டால்ஸ் மக்களுக்கு அது கிடைக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின.