டிரெய்லர் டயருக்குப் பட்டன் பார்க்காதீர்கள்

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் நம் பிள்ளைகள் பலர் இப்போது டிராவல் டிரெய்லர் வாங்குகிறார்கள். பிக்கப்புக்குப் பின்னால் வீட்டையே மாட்டிக்கொண்டு பிக் பெண்டுக்கும் கொலராடோவுக்கும் போய் வருகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வாங்கும்போது கட்டில் எத்தனை, ஏசி எத்தனை என்று கேட்கிறவர்கள், குனிந்து டயரைப் பார்ப்பதில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. ஊரில் டயர் என்றால் முதலில் பட்டனைத் தடவிப் பார்ப்போம். காருக்கு அது சரி. டிரெய்லர் டயரோ தேய்ந்து சாவது அபூர்வம். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஒரே இடத்தில் நின்று வெயிலில் காய்கிறது. மிச்ச நாளில் தாங்கும் எல்லையை ஒட்டிய பாரத்தைச் சூட்டோடு சுமக்கிறது. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே பட்டன், கடையில் வாங்கியபோது இருந்தது போலவே இருக்கும், உள்ளே கம்பி பெல்ட் பிரியத் தொடங்கியிருக்கும்.

2. முதலில் எடையைப் பாருங்கள். டிரெய்லரின் இடது பக்கம், முன்மூலையை ஒட்டி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆக்சில் எவ்வளவு தாங்கும், எந்த அளவு டயர், எவ்வளவு காற்று என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆக்சிலுக்கு 3,500 பவுண்டு என்று இரட்டை ஆக்சில் வைத்த டிரெய்லர்கள் ஏராளம். அவற்றில் பல, எஸ்டி205/75ஆர்14 அளவில் (எஸ்டி என்றால் டிரெய்லர் டயர்) லோடு ரேஞ்ச் எனும் தாங்குதிறன் வகுப்பில் சி என்று போட்ட டயரோடு கடைக்கு வந்தவை. அந்த டயர் ஒன்று 50 பிஎஸ்ஐ காற்றில் 1,760 பவுண்டு தாங்கும். இரண்டுக்கு 3,520. ஆக்சில் முழுப் பாரத்தில் ஓடினால் கையில் மிச்சம் 20 பவுண்டு. அதாவது, இந்தியக் கடையில் நீங்கள் வாங்கும் ஒரு சோனா மசூரி மூட்டை!

இத்தோடு நம் வீட்டுச் சாமான்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் காலனுக்கு எட்டே கால் பவுண்டுக்கும் மேல். 40 காலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு ஆகிவிடும். இட்லிக் குண்டான், கிரைண்டர், இரும்புத் தோசைக்கல் எல்லாம் ஏறும் பக்கம் அடுப்படிப் பக்கம்தான். அந்தப் பக்கத்து டயர்கள் மற்ற இரண்டையும்விட அதிகம் சுமக்கும். ஆகவே ஊருக்குக் கிளம்புவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் எனும் எடைமேடையில் வண்டியை ஒருமுறை ஏற்றி நிறுத்துங்கள். பிக்கப்பின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில்கள் என்று மூன்று எடையைச் சீட்டில் தனித்தனியாகக் கொடுப்பார்கள். மூன்றாவதை நாலால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணுக்கு மேல் டயருக்கு ஐந்தில் ஒரு பங்காவது தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"எல்லாம் சைனா பாம், அதான் வெடிக்கிறது" என்று முகாம்களில் சொல்லிக்கொள்வார்கள். மட்டமான டயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பழியைச் சொல்கிற ஆள் மிகக் குறைவு.

3. காற்று. டயரின் பக்கச் சுவரான சைட்வாலில் போட்டிருக்கும் உச்ச அளவையே அடியுங்கள். லோடு ரேஞ்ச் சி என்றால் பொதுவாக 50, டி என்றால் 65, ஈ என்றால் 80 பிஎஸ்ஐ. காரில் சொகுசுக்காகக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவோம். அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

காரணம் வளைவில் இருக்கிறது. இரட்டை ஆக்சில் டிரெய்லரில் எந்தச் சக்கரமும் திரும்பாது. முகாமில் இறுக்கமாக வளைத்து நிறுத்தும்போது யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டயர் வெளிப்பக்கமும் மற்றது உட்பக்கமும் பிதுங்கி, தரையில் பக்கவாட்டாக அரைபடும். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிய்க்கப் பார்க்கின்றன. பட்டன் உரிந்துகொண்டு போவதற்கு விதை இங்கேதான் விழுகிறது. காற்று முழுதாக இருந்தால் இந்த இழுபறி குறையும். ஒரேயடியாக நிற்காது.

விடியற்காலையில், சக்கரம் உருளுமுன், வெயில் படுமுன் அளக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 2 சதவீதம் கூடும். மத்தியானம் 65 இருந்த இடத்தில் 70க்கு மேல் காட்டும். பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். அந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள்.

4. வேகம். எஸ்டி டயருக்குப் பழைய எல்லை 65 மைல். இப்போது வருபவற்றில் எல் என்று போட்டால் 75, எம் என்றால் 81, என் என்றால் 87 என்று எழுத்து இருக்கும். டயருக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்காக டிரெய்லருக்கும் இருக்கிறது என்று ஆகாது. மேற்கு டெக்ஸாஸில் ஐ-10 சாலையில் 80 என்று பலகை வைத்திருப்பார்கள், அது உங்களுக்கு வைத்த பலகை அல்ல. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55தான். எந்த ஊரானாலும் 65க்குள் ஓட்டுங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

5. காற்று குறைந்தால் சொல்லும் டிபிஎம்எஸ் கருவி கார்களுக்குக் கட்டாயமானது, ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து விபத்துகள் நடந்த விவகாரத்தை ஒட்டி 2000இல் வந்த சட்டத்தால். 2008 மாடலிலிருந்து கார்கள் எல்லாவற்றிலும் இருக்கும். அந்தக் கட்டாயம் டிரெய்லருக்கு இல்லை, நீங்களேதான் வாங்கிப் போட வேண்டும். பின்னால் ஒரு டயர் காற்றிறங்கி ஓடினால் ஓட்டுகிறவருக்குக் கடைசிவரை தெரியாது, அதனால் இந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். வால்வில் திருகும் சென்சாரின் கனம் ரப்பர் வால்வை ஆட்டும் என்பதால், கூடவே உலோக வால்வு போடச் சொல்லுங்கள். 80 பிஎஸ்ஐ அடிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். சாதாரண ரப்பர் வால்வு 65க்கு மேல் தாங்கச் செய்ததல்ல.

ஒன்றை மறக்க வேண்டாம். பெல்ட் பிரிவதை இந்தக் கருவி சொல்லாது. அதற்கு வண்டி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கண்ணும் கையும்தான். எங்காவது புடைப்பு, நெளிவு தட்டுப்பட்டால் அந்த டயரோடு பயணத்தைத் தொடராதீர்கள்.

6. சைட்வாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் டயரின் பிறந்த நாள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெளிப்பக்கம் இல்லையென்றால் உட்பக்கம் பாருங்கள். ஐந்து வருடம் ஆனால் மாற்றிவிடுவேன், பட்டன் எப்படி இருந்தாலும்.

7. வெடித்துவிட்டால்: காலை பிரேக்கில் ஓங்கி வைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். டிரெய்லர் ஆடினால் பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை மெதுவாக அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். வெடித்தது இடது பக்க டயர் என்றால், உங்கள் முதுகை உரசிக்கொண்டு லாரிகள் போகும் ஓரத்தில் உட்கார்ந்து கழற்ற வேண்டாம். எக்ஸிட் பக்கத்தில் தெரிந்தால் ஓரமாகவே ஊர்ந்து போய்விடுங்கள். ரிம் போனால் போகட்டும்.

நின்றதும் டயரை விட்டுவிட்டு முதலில் அதன் மேலும் பின்னும் பாருங்கள். உரிந்த ரப்பர் சாட்டையாய் அடித்து அடித்தளத்தைக் கிழிக்கும், பிரேக் ஒயரையும் கழிவுநீர்க் குழாயையும் அறுக்கும், கேஸ் பைப்பையும் விடாது. கேஸ் வாடை வருகிறதோ இல்லையோ, சிலிண்டரை மூடுங்கள்.

8. டயரை மாற்றும்போது, டிரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றாமலே வேலை செய்யுங்கள். மறுபக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கியை ஆக்சில் குழாயின் அடியில் வைக்கக் கூடாது. குழாய் வளைந்தால் சக்கரம் கோணலாகி அடுத்த டயரையும் தின்னும். ஆக்சில் பொருந்தியிருக்கும் இடத்தை ஒட்டி, ஃபிரேமின் அடியில் வையுங்கள். அதைவிடச் சுலபம் ஒரு சாய்வுக் கட்டை. அதே பக்கத்து நல்ல டயரை அதன் மேல் ஏற்றினால் வெடித்த சக்கரம் தானே தரையைவிட்டு எழும்பும்.

வெடித்த டயரின் பக்கத்துக்காரன் அத்தனை நேரமும் இரண்டு பேர் சுமையைச் சுமந்திருக்கிறான். பார்க்க ஆரோக்கியமாக இருப்பான், நம்பாதீர்கள். இரண்டையும் மாற்றுங்கள்.

9. புதிது வாங்கும்போது அதே அளவு, அதே அல்லது அதற்கு மேற்பட்ட லோடு ரேஞ்ச். மேலே சொன்ன 14 அங்குல டயரில் சி-யை டி ஆக்கினால் 65 பிஎஸ்ஐயில் 2,040 பவுண்டு. ஆக்சிலுக்கு 20 ஆக இருந்த மிச்சம் 580 ஆகிறது. 15 அங்குலத்தில் எஸ்டி225/75ஆர்15 என்றால் சி 2,150, டி 2,540, ஈ 2,830. கூடுதல் விலை கொஞ்சம்தான். ஆனால் ரிம் அந்தக் காற்றைத் தாங்குமா என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். ரிம்மில் உச்ச எடையும், பலவற்றில் உச்ச அழுத்தமும் அடித்திருக்கும், நீங்களே படியுங்கள். பெரிய டயர் ஆக்சிலின் தாங்கும் எல்லையைக் கூட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சிலர் எல்டி எனும் லாரி டயரைப் போடச் சொல்வார்கள். உழைக்கும், மெய்தான். ஆனால் 16 அங்குலத்தில் எஸ்டி235/80 ஈ பிராண்டைப் பொறுத்து 3,420 அல்லது 3,520 பவுண்டு தாங்க, எல்டி235/85 ஈ 3,042தான் தாங்கும். எடைச் சீட்டு இடம் கொடுத்தால் போடுங்கள். கார் டயர் வேண்டவே வேண்டாம். டிரெய்லரில் போட்டால் அதன் தாங்குதிறனை 1.1 ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி.

எந்த பிராண்டு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2017இல் வந்த குட்இயர் என்டூரன்ஸ், மேக்சிஸ், கார்லைல் என்று பல பெயர்கள் முகாம்களில் அடிபடும். பெயருக்கு முன்னால் டிஓடி தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் கிடங்கில் கிடந்த நல்ல டயரைவிடப் போன மாதம் வந்த நடுத்தர டயரை நான் எடுப்பேன்.

10. மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால், புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அரை அங்குல போல்ட்டுக்குப் பெரும்பாலும் 90 முதல் 120 ஃபுட்-பவுண்டு. பத்து, இருபத்தைந்து, ஐம்பது மைல் ஓடியபின் மறுபடியும் பாருங்கள். அலுமினிய ரிம்மில் நட்டு தளரத்தான் செய்யும்.

பின்னால் உறைபோட்டுத் தொங்கும் ஸ்டெப்னிக்கும் வயதுண்டு, அதிலும் காற்று இறங்கும். உங்கள் சாலை உதவி அட்டை டிரெய்லருக்கும் பொருந்துமா என்று போன் போட்டுக் கேளுங்கள், காருக்கு மட்டும் என்று இருக்கலாம். இந்த வாரக் கடைசியில் கிளம்புகிறவர்கள் அந்த உறையை இன்றைக்கே கழற்றிக் காற்றை அளந்துவிடுங்கள்.