பழவேற்காட்டுக்குப் போகும்முன்

திருவாலங்காடு

அன்புள்ள மருமகனுக்கு,

நார்வேயின் வடக்கே லோஃபோடன் தீவுகளில் காட் மீனை உப்பே சேர்க்காமல் குளிர்காற்றில் காயவைக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, அங்கே போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். போகலாம், முதலில் நம் மாவட்டத்தின் மீனவர் ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வா. தமிழகக் கரையின் வடகோடியில் பழவேற்காடு இருக்கிறது. சென்னையில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடி. மார்கழி, தையில் போனால் பூநாரைகளையும் பார்க்கலாம்.

இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரிதான். ஆரணியாற்று நீரும் கடல்நீரும் கலப்பதால் இறால், நண்டு, மடவை எல்லாம் இங்கே வளர்கின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. படகும் கடலுக்குப் போகாது. அங்குள்ளவர்களின் தீராத கவலை அது.

நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது 'பாடு'. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, முறை வைத்து வலை போடுகிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. ஆனால் அந்த உரிமை எல்லாச் சாதிக்கும் இல்லை. வெளியே நிற்பவர்களுக்கு மனக்குறை உண்டு. இருளர்கள் வலையின்றி, நீரில் அமர்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். இரண்டு தரப்பையும் கேள்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. கோட்டை இடிந்துவிட்டது, எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயிலோடு கல்லறைத் தோட்டம் நிற்கிறது. கல்வெட்டுகளைப் படி, கல்லறைமேல் ஏறாதே.

ஒரு கண்டிப்பு. 2011 கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு சவாரிக்கானதல்ல. காசு கொடுத்தால் ஏற்றுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதே.

நமக்குக் காட்சியாகத் தெரியும் அந்தக் கரை அவர்களுக்கு வேலைக்களம். காயும் வலையை மிதிக்காதே. கேட்காமல் யாரையும் படமெடுக்காதே. மீன் வாங்கினால் கரையில் கூடை வைத்திருக்கும் பெண்களிடமே வாங்கு, பேரம் பேசாதே.

அன்புடன்,
உன் மாமா