கல்லைத் திறப்பவர் யார்?
மண்ணின் கனியங்கள், காந்தம், நுண்ணங்கிகள் பற்றிய ஒரு பாடம்

தாவரம் ஒன்று வளர்ந்து பூத்துக் காய்ப்பதற்கு ஏறத்தாழ 17 மூலகங்கள் தேவை என்று விஞ்ஞான பாடத்தில் படிக்கின்றோம். அவற்றுள் காபன், ஒட்சிசன், ஐதரசன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. நைதரசனின் பெரும் களஞ்சியமும் காற்றுத்தான். பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம், இரும்பு, நாகம், செம்பு முதலிய மற்றவற்றின் மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு பாறையில்தான் போய் நிற்போம். கறிக்குப் போடும் கறிவேப்பிலையில் உள்ள இரும்பும், முருங்கையிலையில் உள்ள கல்சியமும் ஒரு காலத்தில் கல்லாக இருந்தவையே.

அப்படியானால் கல்லை இடித்துத் தூளாக்கிச் செடிக்குப் போட்டால் போதாதா? பசளைக்கு ஏன் இத்தனை செலவு?

இது விளையாட்டுக் கேள்வியல்ல. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் நமது நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. இடையில் வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. அரிசி விலை ஏறியதை ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையும் உணர்ந்தது. அதன் பின்னர் சிலர், “சேதனப் பசளை என்பதே பொய்” என்றனர். வேறு சிலர், “இயற்கை எல்லாவற்றையும் தரும், நமக்குத்தான் நம்பிக்கை இல்லை” என்றனர். இரண்டு பேச்சிலும் ஒரு விடயம் விடுபட்டுப் போனது. அது காலம். கல்லில் இருக்கும் உணவு செடியின் வேருக்கு வந்து சேர எவ்வளவு காலம் எடுக்கும், அந்த வேலையைச் செய்பவர் யார் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த விவாதத்தின் பாதி தீர்ந்துவிடும்.

எமது மண்ணின் கற்கள்

இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடமேற்குக் கரையோரத்திலும் மட்டும் சுண்ணக்கல் பரந்து கிடக்கின்றது. இவற்றோடு, பயிர்ச்செய்கைக்கு உதவும் சில தனிப்பட்ட படிவுகளும் நமக்குக் கிடைத்துள்ளன. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் எடுக்கப்படும் தொலமைற்று கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தருவதோடு மண்ணின் அமிலத்தன்மையையும் தணிக்கின்றது. தேயிலைத் தோட்டங்களில் அது நீண்ட காலமாகப் பயன்பட்டு வருகின்றது. களிக்கல் எனப்படும் பெல்ஸ்பாரிலும் மைக்காவிலும் பொற்றாசியம் உண்டு.

இவற்றுள் மிகவும் பேசப்பட்டது அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவல படிவாகும். 1971இல் கண்டறியப்பட்ட இப்படிவில் அப்பத்தைற்று என்னும் கல்சியம் பொசுபேற்றுக் கனியம் பெருமளவில் உள்ளது. இதனை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து பெருமளவில் அகழ்ந்தெடுக்கும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அம்மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இயற்கை வளம் இன்றைய தலைமுறையின் சொத்து மட்டுமன்று என்பதை வலியுறுத்திய தீர்ப்பாக அது இன்றும் சட்ட மாணவர்களால் படிக்கப்படுகின்றது.

நம்மிடமே இவ்வளவு பொசுபரசு இருக்க, ஏன் வெளியிலிருந்து பொசுபரசுப் பசளை வாங்குகின்றோம்? அப்பத்தைற்று நீரில் எளிதிற் கரையாது என்பதே காரணம். கரையாத உணவை வேர் உறிஞ்ச முடியாது. பூட்டிய பெட்டகத்தில் பணம் இருப்பது போன்றது அது.

பெட்டகத்தின் திறப்பு

அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் திறப்பு அமிலம். 1842இல் இங்கிலாந்தில் ஜோன் பெனற் லோஸ் என்பவர் பொசுபேற்றுப் பொருளுடன் சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்து, நீரில் கரையக்கூடிய பசளையைத் தயாரிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். சுப்பர் பொசுபேற்று என்று இன்று நாம் அழைக்கும் பசளை அதுதான். தொழிற்சாலை இந்த வேலையை மிகக் குறுகிய நேரத்தில் முடித்துவிடுகின்றது.

இதே வேலையை மண்ணுக்குள் சத்தமின்றிச் செய்யும் சிறிய தொழிற்சாலைகளும் உள்ளன. பசிலசு, சூடோமோனசு ஆகிய சாதிகளைச் சேர்ந்த சில பற்றீரியாக்களும் சில பங்கசுக்களும் சித்திரிக்கமிலம், ஒட்சாலிக்கமிலம், குளுக்கோனிக்கமிலம் போன்ற சேதன அமிலங்களைச் சுரக்கின்றன. தேசிக்காயின் புளிப்புக்குக் காரணமான அதே சித்திரிக்கமிலம்தான். இந்த அமிலங்கள் கற்றூளின் மேற்பரப்பை மெல்ல மெல்லக் கரைத்து, பொசுபரசை வேர் எடுக்கக்கூடிய வடிவத்திற்கு மாற்றுகின்றன.

அடுத்தவர் வேர்ப்பங்கசு. மைக்கோரைசா என்று படித்திருப்பீர்கள். நிலத்தாவர இனங்களில் மிகப் பெரும்பாலானவை இப்பங்கசுக்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துகின்றன. செடி தான் தயாரித்த வெல்லத்தின் ஒரு பங்கைப் பங்கசுக்குக் கொடுக்கின்றது. பங்கசு தன் நுண்ணிய இழைகளை வேர் எட்டாத தூரத்துக்கு அனுப்பிப் பொசுபரசையும் நீரையும் கொண்டுவந்து கொடுக்கின்றது. கோவா, முள்ளங்கி என்பன அடங்கிய குடும்பத் தாவரங்கள் பொதுவாக இந்த உறவை வைத்துக்கொள்வதில்லை. மண்ணில் கரையும் பொசுபரசு மிகுதியாக இருந்தால் மற்றத் தாவரங்களும் இந்தப் பங்கசை நாடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. கடையில் வாங்கிச் சாப்பிடப் பழகிய வீட்டில் அடுப்பு எரியாததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் றைசோபியம். கல்லில் கிடைக்காத நைதரசனைக் காற்றிலிருந்து பிடித்துத் தருபவர் இவர். பயற்றை, நிலக்கடலை, கிளிசிரிடியா போன்ற அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்முடிச்சுகளில் வாழ்கின்றார். நன்கு வளர்ந்த பயற்றஞ்செடி ஒன்றைப் பிடுங்கி, முடிச்சொன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கின்றது. நமது குருதியின் ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதமே அந்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம். அந்தப் புரதத்திலும் இரும்பு உண்டு. அந்த இரும்பும் கல்லிலிருந்து வந்ததே.

ஆகவே கல் உணவைக் கொடுக்கின்றது, நுண்ணங்கி அதைத் திறக்கின்றது. ஆனால் நுண்ணங்கிக்கும் பசிக்கும். அதன் உணவு உக்கிய இலை, சாணம், கூட்டெரு. சேதனப் பொருள் இல்லாத வெறும் மணலில் எத்தனை மூடை கற்றூளைக் கொட்டினாலும் அது மணலோடு மணலாகக் கிடக்கும்.

2021இல் தவறிப்போனதும் இதுவே. பல ஆண்டுகளாகக் கரையும் பசளைக்குப் பழகிய வயலில், சேதனப் பொருளும் நுண்ணங்கிகளும் பெருகுவதற்குப் பல போகங்கள் வேண்டும். ஒரே போகத்தில் அதை எதிர்பார்த்தது, முளைத்த அன்றே காய் கேட்டதற்குச் சமம்.

ஊருக்கு ஊர் மண் வேறு

எல்லாக் கல்லும் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. எப்பாவல பொசுபேற்று அமில மண்ணில்தான் நன்றாகக் கரையும். ஆகவே கண்டி, காலி, களுத்துறை போன்ற ஈரவலயப் பிரதேசங்களில் தேயிலை, இறப்பர், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு அது ஏற்றது. மூன்று மாதத்தில் முடிந்துவிடும் நெல்லுக்கும் கீரைக்கும் அதன் வேகம் போதாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் மண் காரத்தன்மை கொண்டது. அங்கே அப்பத்தைற்று கரைவது அரிது. தொலமைற்று இடவேண்டிய தேவையும் பொதுவாக இல்லை. காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் நீரும் போசணையும் தங்குவதில்லை. அங்கே முதலில் வேண்டியது கல் அல்ல, கூட்டெரு.

மண்ணின் பீ.எச். பெறுமானத்தை அறியாமல் எதையும் இடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள பாசிச்சாயத் தாளால் ஓரளவுக்கேனும் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

காந்தம் சொல்லும் செய்தி

இனிக் காந்தத்துக்கு வருவோம். காய்ந்த மண்ணில் ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பையினுள் இட்டு உழக்கிப் பாருங்கள். கறுப்பு நிறத் துகள்கள் பையின் மீது மயிர்போல் குத்திட்டு நிற்கும். பெரும்பாலும் அவை மக்னற்றைற்று என்னும் இரும்பு ஒட்சைட்டு. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலிலிருந்து இல்மனைற்றைப் பிரித்தெடுப்பதற்கும் வலிமையான காந்தங்களே பயன்படுகின்றன. கனியத்துக்குக் கனியம் காந்தக் குணம் வேறுபடுவதால் இது சாத்தியமாகின்றது.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. 1955இல் பிரான்சிய ஆய்வாளர் லெ போர்ன், மேல்மண் பெரும்பாலும் அடிமண்ணை விடக் காந்தத்தன்மை கூடியது என்று காட்டினார். இதற்குத் தீயும் ஒரு காரணம். மற்றொரு காரணம் நுண்ணங்கிகள். மண் நனைந்தும் காய்ந்தும் மாறிவரும்போது சில பற்றீரியாக்கள் இரும்பை மாற்றமடையச் செய்கின்றன. அதன் விளைவாக நுண்ணிய காந்தத் துகள்கள் தோன்றுகின்றன. 1975இல் அமெரிக்க ஆய்வாளர் றிச்சர்ட் பிளேக்மோர், சேற்றில் வாழும் சில பற்றீரியாக்கள் தம் உடலுக்குள்ளேயே இரும்பு செறிந்த துகள்களைச் சங்கிலி போல அடுக்கி வைத்து, அதைத் திசைகாட்டியாகக் கொண்டு நீந்துகின்றன என்று வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத உயிருக்குள் ஒரு திசைகாட்டி! படைத்தவனின் நுணுக்கத்தை எண்ணி ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

ஆனால் வியப்பு வேறு, சான்று வேறு. அமெரிக்கப் பூச்சியியலாளர் பிலிப் கலஹன், எரிமலைப் பாறைத்தூளின் ‘பரகாந்தத்தன்மை’யே பயிரைச் செழிக்கச் செய்கின்றது என்று எழுதினார். பரகாந்தம் என்பது காந்தத்தால் மிக மெல்லியதாக மட்டும் கவரப்படும் குணம். இக்கருத்தை நம்பி வெளிநாடுகளில் அத்தகைய கற்றூள் பொதிசெய்து விற்கப்படுகின்றது. எனினும், காந்தக் குணமே பயிரை வளர்க்கின்றது என்பது அறிவியல் உலகம் ஏற்கும் அளவுக்கு நிறுவப்படவில்லை. எரிமலைப் பாறையில் இரும்பு உண்டு, ஆகவே அது காந்தத்தால் கவரப்படுகின்றது. அதே பாறையில் கல்சியமும் மக்னீசியமும் உண்டு, ஆகவே பயிர் பயன் பெறலாம். இரண்டும் ஒரே கல்லில் சேர்ந்திருப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது, என்ன நடந்திருக்கிறது என்பதைக் காந்தம் சொல்லும். ஆனால் செடிக்கு அது சோறு போடாது.

வீட்டில் செய்து பார்க்க

உம்மாவின் அனுமதியோடு முற்றத்தின் நிழலான ஒரு மூலையைத் தெரிவுசெய்யுங்கள்.

1. காய்ந்த இலை, கிளிசிரிடியா போன்ற பச்சிலை, மரக்கறிக் கழிவு, கிடைத்தால் மாட்டெரு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டுக் குவியலாக்குங்கள். உங்கள் மண் அமிலமாக இருந்தால் ஒவ்வோர் அடுக்கின் மீதும் எப்பாவல பொசுபேற்றுத் தூளை ஒரு கைப்பிடி மெல்லியதாகத் தூவுங்கள். உக்கும் பொருளில் பெருகும் நுண்ணங்கிகள் அப்போதே கல்லில் வேலையைத் தொடங்கிவிடும்.

2. குவியல் எப்போதும் ஈரலிப்பாக இருக்க வேண்டும், நீர் வடியக்கூடாது. அரிசி கழுவிய நீரையும் தெளிக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் கூட்டெரு கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். அந்த வாசனையைத் தருவதும் மண்ணிலுள்ள ஒருவகைப் பற்றீரியாவே.

3. கற்றூளைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள், தூளைச் சற்று நனைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கா கலந்த தூசு நுரையீரலுக்குத் தீங்கானது.

4. செடியைச் சுற்றி இலைச் சருகால் மூடாக்கு இடுங்கள். தேவையின்றி மண்ணைக் கிளறாதீர்கள். கிளறும் ஒவ்வொரு தடவையும் வேர்ப்பங்கசின் இழைகள் அறுந்துபோகின்றன.

கற்றூளின் பயனை நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவான பத்துச் சாடிகளில் ஒரே மண்ணையும் ஒரே கூட்டெருவையும் நிரப்பி, ஐந்தில் மட்டும் கற்றூளைக் கலந்து, எல்லாவற்றிலும் பயற்றை நடுங்கள். ஒரே அளவு நீர், ஒரே அளவு வெயில். வாரந்தோறும் உயரத்தை அளந்து கொப்பியில் குறியுங்கள். வேறுபாடு தெரியாவிட்டாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதுவும் ஒரு விடைதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை மண்ணில் கை வைத்தால், “உடுப்பு அழுக்காகும்” என்று தடுக்காதீர்கள். ஒரு பொதியில் எழுதியிருப்பதை நம்புவதா, கேள்வி கேட்பதா என்பதை அவள் அந்த மண்ணில்தான் கற்றுக்கொள்கிறாள். நாட்டின் பசளைக் கொள்கையை நாளை தீர்மானிக்கப் போகிறவர்களில் அவளும் ஒருத்தியாக இருக்கலாம்.

நாம் நட்ட ஒன்றிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நமக்கு ஸதகாவாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில், நாம் இட்ட ஒரு பிடி உக்கலை உண்டு, கல்லைத் திறந்து, நமக்கே உணவு தரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் நினைத்துப் பார்ப்போம். அவை அவசரப்படுவதில்லை. அவற்றிடமிருந்து பயன் பெற விரும்பும் நாமும் அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.