என் ஓட்டு ஆளுநர் மாளிகை வரை எட்டுமா?

கேள்வி: எங்கள் குன்னம் தொகுதியில் உள்ள குழுமூர்தான், மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வால் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவி அனிதாவின் ஊர். நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றியும் பலனில்லை. ஆளுநர் தடுத்துவிடலாம் என்றால் நான் ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது? முதல் ஓட்டுக்கு எப்படித் தயாராவது?
– கல்லூரி மாணவி, வேப்பூர்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு ஓட்டு அல்ல, இரண்டு. சட்டமன்றத்துக்குக் குன்னம், மக்களவைக்குச் சிதம்பரம். பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தாலும் குன்னம், பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் சேராது. இரண்டு ஓட்டுக்கும் வேலை வேறு வேறு.

சட்டமன்ற ஓட்டு மசோதாவைக் கொண்டுவரும். அரசியலமைப்பின் 200-ஆம் பிரிவுப்படி ஆளுநர் அதற்கு ஒப்புதல் தரலாம், அவைக்கே திருப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். திரும்பி வந்ததை மறுபடி நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா 2023 மார்ச்சில் திரும்பி வந்தது. அதே மாதம் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

நீட் மசோதாவின் சிக்கல் வேறு. 2022 பிப்ரவரி 8 அன்று அது இரண்டாம் முறை நிறைவேறியது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் பொதுப்பட்டியல் விஷயம் என்பதால் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்தார். ஆளுநரின் கையைக் கட்டியிருந்தாலும் அந்த மசோதா டெல்லியைத் தாண்டியாக வேண்டும்.

ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாதா? 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கெடு விதித்தது. தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு வைக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. ஆனால் ஆளுநர் அவைக்குத் திருப்பாமல் மசோதாவை முடக்கக் கூடாது, காரணமின்றிக் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. 200-ஆம் பிரிவில் ‘கூடிய விரைவில்’ என்று இருக்கிறதே தவிர, நாள் கணக்கு இல்லை. அதை எழுதிச் சேர்க்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும்: நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. உங்கள் சிதம்பரம் ஓட்டுக்கு அங்கேதான் வேலை.

இனி தயாரிப்பு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1950 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். பெயர் இல்லையென்றால் படிவம் 6. பிழை, முகவரி மாற்றம் என்றால் படிவம் 8. வீட்டுக்கு வரும் பூத் சிலிப் அடையாளச் சான்று ஆகாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் கொண்டுபோங்கள். பொத்தானை அழுத்தியதும் நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு ஏழு நொடி தெரியும், பார்த்துவிட்டு வாருங்கள்.

மக்களவைக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: “அந்தக் ‘கூடிய விரைவில்’ இருக்கிற இடத்தில் எத்தனை நாள் என்று எழுதுவீர்கள்?”