கூத்துக்குப் பொருள் கேட்கப் போகிறவர்களுக்கு

பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் ஜில்லாக்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பிற்பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நடந்து, படுகளத்தன்று மண்ணால் வளர்த்திய துரியோதனனை நோக்கி வீமன் வேஷம் ஓடிவரும்போது ஊரே எழுந்து நிற்கிற வைபவத்தைக் கண்டவர்கள், அதே வீமன் ஐப்பசி மழை இறங்கியதும் புஜக்கட்டையையும் கிரீடத்தையும் பெட்டியில் அடக்கிவிட்டுக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுவதையும் ஒரு முறை கண்டிருப்பார்களானால், கலைக்குப் பொதுப்பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று தர்க்கம் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். எந்த வாசலில் போய்க் கேட்பது என்றே யோசிப்பார்கள். அப்படி யோசிப்பவர்களுக்காக, சில வருஷங்கள் கூத்துக் கோஷ்டிகளோடு மனுவும் கையுமாக அலைந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

வாசலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், கேட்கப்போகும் பணம் எப்படிப்பட்டது என்பதைத் தீர்மானித்துக்கொள்வது அவசியம். மேடை, ஒத்திகைக் கொட்டகை போன்றவற்றுக்கு ஒரு தடவை கொடுத்தால் தீர்ந்துபோகும் பணம் ஒன்று. வாத்தியாருக்குச் சம்பளம், பயிலும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, மழைக்காலத்து ஜீவனத்துக்கு ஒரு படி என்று வருஷந்தோறும் வந்துகொண்டே இருக்கவேண்டிய பணம் மற்றொன்று. முதலாவதைக் கேட்டுப் பெறுவது சுலபம். இரண்டாவதில்தான் கூத்தின் உயிர் இருக்கிறது.

சுலபமாகக் கிடைப்பது எப்படி நம்மைத் திசைதிருப்பிவிடும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு 1993-ஆம் ஆண்டு ஏற்பட்ட தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ₹5 கோடி வரையில் வேலைகளைச் சிபாரிசு செய்ய அதிகாரம் உண்டு. சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மாநில அளவில் அத்தகைய நிதி இருக்கிறது. ஆனால் இவை நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்களை உண்டாக்குவதற்கென்றே ஏற்பட்டவையாதலால், சம்பளம், உதவித்தொகை முதலியவற்றுக்கு இவற்றிலிருந்து பணம் எடுக்க விதி இடம் தராது. நான் அறிந்த ஒரு கிராமத்துக் கோஷ்டி, பிள்ளைகளுக்கு உதவித்தொகை கேட்கப் போய், அதற்கு வழியில்லை, மேடை வேண்டுமானால் கட்டித் தருகிறோம் என்ற பதிலைக் கேட்டு, வருவதை விடுவானேன் என்று சம்மதித்துவிட்டது. நாலடி உயரத்தில் சிமெண்டு மேடை எழுந்தது. கூத்தோ மண் களரியில், மூன்று பக்கமும் ஜனங்கள் சூழ்ந்திருக்க, அவர்களுடைய முழங்காலுக்கு எட்டும் தூரத்தில் சுழன்று ஆடுகிற கலை. அந்த மேடையில் ஏற ஒரு வேஷக்காரருக்கும் மனம் வரவில்லை. இன்று அதில் வேர்க்கடலை காய்கிறது. கிடைக்கிற பணத்துக்கு இசைவாகத் தேவையை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது இதனால்தான். கொட்டகை இல்லாமல் பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள் என்றால் தொகுதி நிதியைத் தாராளமாகக் கேளுங்கள். அதைவிட நல்ல மார்க்கம் இல்லை.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தின் அட்டை வரவில்லை, விடிய விடிய ஆடப் போலீஸ் அனுமதி தாமதமாகிறது என்பன போன்ற, ஏற்கெனவே உள்ள உத்தரவை நிறைவேற்றச் சொல்லும் காரியங்களுக்கு அது தக்க இடம். புதிதாக ஒரு திட்டம் வேண்டுமென்று அங்கே கொடுக்கும் மனு, துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற பதிலோடு நின்றுவிடும். சட்டப்பேரவையின் மனுக்கள் குழுவும் பெரும்பாலும் குறைகளைக் கேட்கும் இடமே.

ஆகவே உண்மையான தேர்வு, சட்டமன்ற உறுப்பினரா, பாராளுமன்ற உறுப்பினரா என்பதுதான். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் நாடகமும் நாடக அரங்குகளும் மாநிலப் பட்டியலின் 33-வது இனமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறை, 1955-இல் சங்கீத நாடக சங்கம் என்று தொடங்கிப் பின்னர் இயல் இசை நாடக மன்றமாகப் பெயர் மாறிய அமைப்பு, நல வாரியம் யாவும் சென்னையின் பொறுப்பிலேயே இருப்பதால், கிராமத்துக் கோஷ்டி முதலில் தட்ட வேண்டியது சட்டமன்ற உறுப்பினரின் கதவையே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

டில்லி வாசலை அலட்சியம் செய்யவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. குரு சிஷ்ய பரம்பரைக்கு மாதச் சன்மானம் வழங்கும் திட்டம் மத்தியக் கலாசார அமைச்சகத்தில் இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டாவது வகைப் பணம் அதுவேதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாக இருந்த பி. வி. ராஜமன்னாரை முதல் தலைவராகக் கொண்டு 1953-இல் தொடங்கி வைக்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமியும் அங்கேதான் இருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானுக்கு அகாதெமி விருது கிடைத்தபோது தெருக்கூத்தே கௌரவம் பெற்றதாக எங்கள் பக்கத்தில் எண்ணினார்கள். ஆனால் இந்த வாசலுக்குச் சங்கப் பதிவும், தணிக்கை செய்த கணக்கும், இங்கிலீஷிலோ இந்தியிலோ விண்ணப்பம் பூர்த்தி செய்ய ஆளும் வேண்டும். இவை உள்ள கோஷ்டிக்குப் பாராளுமன்ற உறுப்பினர் சிபாரிசுக் கடிதம் தரலாம்; இழுபறியானால் சபையில் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டும்; குறியில்லாததற்கு எழுத்தில் பதில் வரும். விவரமும் புள்ளியும் தேவையென்றால், எழுத்தில் வரும் பதிலே அதிகப் பிரயோஜனம்.

சட்டமன்ற உறுப்பினரிடம் எப்போது போவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு நாள் குறித்த பிறகு, பத்திரிகையில் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். அரசியல் சாசனத்தின் 203-வது பிரிவின்படி, சட்டசபை ஒரு மானியத்தை அனுமதிக்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. நூறு ரூபாய் குறைக்கவேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுத்து, அதைச் சாக்காக வைத்து நம் குறையை உறுப்பினர் பேசலாமே தவிர, அந்த வருஷத்துத் தொகை அதனால் வளராது. துறைகள் தங்கள் தேவையை நிதித்துறைக்கு எழுதுவது அதற்குப் பல மாதம் முன்பே, மழைக்காலத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது. கூத்து ஓய்ந்து, கலைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதே ஐப்பசி கார்த்திகைதான் கேட்பதற்கும் சரியான பருவம்.

தனியாகப் போவதா, சங்கமாகப் போவதா? வட்டாரத்துக் கோஷ்டிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து போவதையே நான் விரும்புவேன். ஒரு கோஷ்டிக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் வருத்தப்படுவார்களே என்ற தயக்கம் உறுப்பினருக்கு நியாயமாகவே உண்டு. அந்தத் தயக்கத்தை நீக்குவது நம் கடமை. மனுவில் ஒரு கோரிக்கை இருந்தால் போதும். முதல் தடவை நாங்கள் பதினொரு கோரிக்கைகளை அடுக்கிக்கொண்டு போனபோது, உறுப்பினரின் உதவியாளர் பொறுமையாகப் படித்துப் பார்த்து, “வாத்தியாரே, இதுல ஒண்ணுதான் நடக்கும்னா எது நடக்கணும்?” என்று கேட்டார். எங்களுக்குள் பதில் ஒத்துவரவில்லை. மறு தடவை ஒரே பக்கத்தில், இத்தனை பிள்ளைகள், நான்கு மாதம், மாதத்துக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று மட்டும் எழுதிப் போனோம்.

உறுப்பினரைத் திருவிழா மேடைக்கு அழைத்து மாலை போடுவதும் ஓர் உபாயம்தான். மாலை வாங்கி, பத்து நிமிஷம் பேசி, அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வேஷம் கட்டும் இடத்துக்கு அழைப்பது அதைவிடப் பலன் தரும் என்று கண்டேன். ஒரு மாலையில் அப்படி வந்த ஓர் உறுப்பினர் பெஞ்சில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து ஒருவர் அரிதாரம் பூசுவதையும், இரண்டு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்து அவர் தோளில் புஜக்கட்டையை இறுக்குவதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அழுத்தி அழுத்தித் தோளில் கறுத்துப்போயிருந்த தழும்பைப் பார்த்து, “வலிக்காதா?” என்றார். அதற்கு வாத்தியார், “அது பழகிப்போச்சுங்க ஐயா. பதினொரு பசங்க கத்துக்கிட்டு இருந்தாங்க. போன மழையில மூணு பேரு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. அதுல ஒருத்தன் திரௌபதி கட்டுறவன். திரும்பி வரல,” என்றார்.

அந்த உறுப்பினர் மானியக் கோரிக்கையின்போது எங்கள் விஷயத்தை இரண்டு நிமிஷம் பேசினார். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. நடவடிக்கைக் குறிப்பில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துவைத்திருந்து, அடுத்த ஐப்பசியில் மனுவுக்கு மேலே அதைச் சேர்த்துக் குத்திக்கொண்டு, பன்னிரண்டு கோஷ்டிகளின் வாத்தியார்களோடு துறை அதிகாரியைப் பார்க்கப் புறப்பட்டோம்.